கர்னலின் கை இறங்கவில்லை

சுபேதார் மேஜர் பவுல்சாமி சமையல் வகுப்பில் சேர்ந்த செய்தி மந்தைவெளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பறங்கியர் காலத்திலேயே சாந்தோமில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூட வாத்தியார்கள் உண்டு, உபதேசியார்கள் உண்டு, தந்தி ஆபீஸ் அதிகாரிகூட ஒருவர் உண்டு. கரண்டி பிடித்த ஆண்பிள்ளை மட்டும் கிடையாது. பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் சாப்பாட்டு விஷயத்தில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஜவான்களுக்குப் பரிமாறும் முன் சமையல் கொட்டகைக்குப் போய், ஒரு வாய் ருசி பார்த்து, "டீக் ஹை" என்று தலையசைப்பார். ஓய்வு பெற்று வந்தபின் வீட்டிலும் அதையே செய்தார். அவர் மனைவி லூயிசா கரண்டியும் கையுமாக அந்தத் தலையசைப்புக்குக் காத்து நிற்பாள்.

லூயிசாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதும் எல்லாம் தலைகீழானது. அடுப்புப் பக்கமே போகக் கூடாது, புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலுக்கு ஆள் வைத்தார்கள். வந்த அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் பவுல்சாமி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் அப்படியே திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அடுத்து வந்தவள் நகத்தைக் காட்டினாள். ஆனால் மறுநாள் வரவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் ஷெரில் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"டாடி, உங்களுக்கு சர்க்கரை. ரெண்டு முட்டியும் போச்சு. மம்மிக்கு இன்னைக்குக் கண்ணு, நாளைக்கு வேறொண்ணு. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கே வந்துடுங்க. பதினாலாவது மாடி, நல்ல காத்து."

"நான் எங்கப்பா கட்டின வீட்டுல இருந்துதான் கல்லறைக்குப் போவேன்."

"அதுவரைக்கும் மம்மி பட்டினி கிடக்கணுமா? நீங்க சமைப்பீங்களா?"

"சமைப்பேன்!"

வாயிலிருந்து வந்துவிட்டது. சுபேதார் மேஜரின் வாயிலிருந்து வந்ததை வாபஸ் வாங்கும் வழக்கம் கிடையாது. சரி, சமைத்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் மூட்டை கட்டுங்கள் என்று ஷெரில் முடித்துக்கொண்டாள். நடமாட முடியாத முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் ஆன்லைனில் சமையலும் சத்துணவும் சொல்லிக் கொடுப்பதைக் கண்டுபிடித்து அவரைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துக் கேட்டபோது, "ராணுவ ஆலோசனைக் கூட்டம். ரகசியம்" என்றார் பவுல்சாமி. பின்னணியில் பூண்டு வதங்கிக்கொண்டிருந்தது.

சொல்லிக் கொடுத்தவள் ஜொவிட்டா என்ற இளம் உணவியல் நிபுணர். நின்றால் முட்டி வலிக்கும் என்பதால் உட்கார்ந்தபடியே சமைக்கும் முறை. தாழ்வான மேஜையில் ஒற்றை அடுப்பு. கைக்கெட்டும் தூரத்தில் சாமான்கள். எண்ணெய் கொஞ்சமாக, உப்பு அளவாக. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் நாளே அவள் கர்னல் ஜாஸ்பரைப் பார்த்து, "அங்கிள், உங்க கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்க" என்று சொல்லிவிட்டாள். திரையில் இருந்த அத்தனை கட்டங்களிலும் பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கர்னலைப் போய் அங்கிள் என்பதா!

அடையாறிலிருந்து பேசும் கர்னல்தான் வகுப்பிலேயே பெரிய ரேங்க். அதனால் ஜொவிட்டா என்ன கேட்டாலும், கர்னல் பதில் சொல்லும்வரை மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். "எல்லாரும் உப்புப் போட்டாச்சா?" என்று கேட்பாள். அமைதி. கர்னல், "போட்டாச்சு" என்பார். உடனே எல்லாக் கட்டங்களிலிருந்தும், "போட்டாச்சு சார்!" என்று பதில் கர்னலுக்குப் போகும். கர்னலுக்குச் சந்தேகம் இல்லையென்றால் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊரூர் குப்பத்து ஹவில்தார் துரைராஜ் மட்டும் விதிவிலக்கு. தினமும் ஒரு முறையாவது, "ஏம்மா, இதுல ஒரு துண்டு மீனு போட்டா இன்னாம்மா?" என்று கேட்டுவிடுவார்.

ஜொவிட்டா புத்திசாலி. ஒரு வாரம் தொண்டை வறண்ட பிறகு, செய்ய வேண்டியதைக் கர்னலிடம் மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். கர்னல் ஆர்டர் போட்டார். வெங்காயம் ஒரே நேரத்தில் நறுக்கப்பட்டது. கடுகு ஒரே நேரத்தில் வெடித்தது. வகுப்பு அணிவகுப்பு மாதிரி நடந்தது.

கடைசி வகுப்பும் வந்தது. அன்று சாமைப் பொங்கல். அவரவர் வீட்டு ஆட்களும் பார்க்கலாம் என்று ஜொவிட்டா சொல்லியிருந்ததால், ஒரு கட்டத்தில் ஷெரிலின் முகமும் தெரிந்தது. பவுல்சாமி சலவைச் சட்டை போட்டு, முறுக்கிய மீசையோடு அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். லூயிசா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எதிரே நாற்காலியில் இருந்தாள். இந்தப் பொங்கல் ஒழுங்காக வந்தால் மந்தைவெளி. இல்லையென்றால் பதினாலாவது மாடி.

பருப்பும் சாமையும் கொதித்து இறுகிக்கொண்டிருந்தபோது கர்னல் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"கவனியுங்க. என் கை கீழே இறங்கினதும் அடுப்பை அணைக்கணும். அதுக்கு முன்னாடி ஒருத்தரும் தொடக் கூடாது."

"யெஸ் சார்!"

கை மேலேயே இருந்தது. எல்லோர் கண்ணும் அதன்மேல். பொங்கல் முதலில் கொப்பளித்தது, பிறகு முணுமுணுத்தது, பிறகு மௌனமானது. கை இறங்கவில்லை.

"அங்கிள்ஸ், போதும், ஆஃப் பண்ணுங்க" என்றாள் ஜொவிட்டா.

ஒருவரும் அசையவில்லை.

"என்னங்க, வாசனை மாறுது" என்றாள் லூயிசா.

"ஆர்டர் வரல."

"சாமைக்குத் தெரியுமா உங்க ஆர்டரு?"

துரைராஜின் குரல் வந்தது. "சாப், என் சட்டி பொகையுது சாப். இன்னா பண்றது? கர்னல் சார் கை அப்டியே நிக்கிது."

"பொசிஷன்லயே இரு, துரைராஜ்" என்றார் பவுல்சாமி.

"நான் பொசிஷன்லதான் கீறேன் சாப். வூட்ல கீறவங்கதான் வெளிய ஓடிக்கினு கீறாங்க."

"ஐயோ அங்கிள்! அவர் நெட் போயிடுச்சு!" ஜொவிட்டா கத்தினாள். "அது கர்னல் அங்கிள் இல்ல, வெறும் படம்! படம் உறைஞ்சு நிக்குது!"

பவுல்சாமிக்கு அப்போதுதான் நிலைமை விளங்கியது. தலைமை தொடர்பு இழந்துவிட்டது. அப்படியானால் அடுத்த சீனியர் பொறுப்பேற்க வேண்டும். அவர் நெஞ்சை நிமிர்த்தித் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம், சுபேதார் சாப்." தியாகராய நகர்க் கட்டத்திலிருந்து பனியனோடு ஒரு குரல். விமானப்படையில் மாஸ்டர் வாரண்ட் ஆபீசராக இருந்த புகழேந்தி. "அடுத்த சீனியர் நான்."

"அது எப்படி?"

"உங்க ரேங்க்கும் என் ரேங்க்கும் ஒண்ணுதான். அப்ப புரமோஷன் தேதிதான் பேசும். எனக்கு மார்ச் மாசம் வந்தது."

"எந்த வருஷத்து மார்ச்?"

"உங்க தேதியை முதல்ல சொல்லுங்க."

"ஏன், அதைக் கேட்டுக்கிட்டு உங்க தேதியைத் தயார் பண்ணவா?"

"அங்கிள்ஸ், ப்ளீஸ்!" என்றாள் ஜொவிட்டா.

"டாடி!" என்றாள் ஷெரில்.

பாத்திரத்தின் விளிம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழுந்தது. அடுப்பின் குமிழ் பவுல்சாமியின் கையருகேதான் இருந்தது. திருப்பினால் தீர்ந்தது. மனசு திருப்பு என்றது. கை கேட்கவில்லை. உத்தரவில்லாமல் எதையும் தொட்டுப் பழகாத கை அது.

"சரி, நானே அணைக்கறேன்" என்று லூயிசா எழுந்தாள்.

"உக்காரு! புகை படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

உட்கார்ந்தாள். ஆனால் புகை அவளை நோக்கியே போனது. அவள் இருமினாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே, ஆபரேஷன் செய்த கண்ணிலிருந்து கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவும் பயந்து, கைக்குட்டையைக் கன்னத்தோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பவுல்சாமி அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஆர்மி விமானப்படைக்கு வழிவிட்டதாக அவர் பரம்பரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"புகழேந்தி சார்," என்றார். 'சார்' என்ற சொல் மீன் முள் மாதிரி தொண்டையில் குத்தியது. "நீங்கதான் சீனியர். நான் ஒத்துக்கறேன். ஆர்டர் குடுங்க."

புகழேந்தி இதை எதிர்பார்க்கவில்லை. கிடைத்த பதவியை அனுபவிக்காமல் விடவும் மனமில்லை. பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆல் ரேங்க்ஸ், கவனியுங்க. கர்னல் சார் தொடர்பில் இல்லாத இந்தச் சூழ்நிலையில், அனைவரின் சம்மதத்தோடும் நான்..."

"சீக்கிரம் சார்! என் பெண்டாட்டி கண்ணு!"

"அடுப்பை... அணை!"

ஒரே சமயத்தில் எல்லாக் குமிழ்களும் திரும்பின. பவுல்சாமி பாத்திரத்தை மூடி, ஜன்னலைத் தள்ளித் திறந்து, லூயிசாவின் நாற்காலியைக் காற்றுப் பக்கமாக இழுத்தார். வாக்கரின் ஞாபகமே அவருக்கு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே மறுபடி வந்து உட்கார்ந்தபோதுதான் முட்டி கத்தியது.

பொங்கலின் மேற்பாதி பிழைத்திருந்தது. அடிப்பாதியைப் பற்றிச் சொல்வதற்கில்லை. மேலாக ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து லூயிசாவிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் போட்டாள். தலையசைப்புக்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று பவுல்சாமிக்கு அப்போது தெரிந்தது.

"தீஞ்ச வாசனை அடிக்குது," என்றாள் லூயிசா. "உப்பு சரியா இருக்கு."

பவுல்சாமி திரையில் மகளைப் பார்த்தார். "நீ பார்த்ததுதான், ஷெரில். அடி பிடிச்சிடுச்சு. சாக்கு எதுவும் சொல்ல மாட்டேன். எப்ப மூட்டை கட்டணும்?"

"பொங்கல் கிடக்கட்டும் டாடி." ஷெரில் திரைக்கு நெருங்கி வந்தாள். "உங்க பிடிவாதத்துக்கு நடுவுல மம்மி மாட்டிக்குவாங்களேன்னுதான் எனக்குப் பயம். நீங்க ஒருத்தர்கிட்ட இறங்கிப் போய் நான் பார்த்ததே இல்ல. மம்மிக்காக இறங்கினீங்க. அங்கேயே இருங்க. மாசம் ஒரு தடவை வந்து பார்த்துக்கறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா தீயாம சமைங்க."

பவுல்சாமி மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது கர்னலின் படம் துடித்து உயிர்பெற்றது.

"சாரி, நெட் போச்சு. நான் அப்பவே கையை இறக்கி அணைச்சுட்டேன். பொங்கல் பிரமாதம். உங்களுக்கெல்லாம்?"

எல்லாக் கட்டங்களிலும் பாத்திரங்கள் மெதுவாகக் கேமராவை விட்டு நகர்ந்தன.

"சார், நீங்க இல்லாதப்போ சுபேதார் மேஜர் சாப் சம்மதத்தோட நான் பொறுப்பேத்துக்கிட்டேன்" என்றார் புகழேந்தி.

"வெரி குட். இன்னைக்கு முழுக்க நீங்களே நடத்துங்க" என்றார் கர்னல்.

புகழேந்தியின் முகம் மலர்ந்தது. "ஆல் ரேங்க்ஸ்! அடுத்த ஆர்டர். அடிபிடிச்ச பாத்திரத்தை வீட்டுப் பெண்கள் தொடக் கூடாது. அவரவரே தேய்க்கணும்."

"இன்னாது?" என்றார் துரைராஜ்.

பவுல்சாமி பல்லைக் கடித்தார். தன் வாயாலேயே சீனியர் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. சலவைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, பாத்திரத்தை மடியருகே இழுத்துத் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தார்.

லூயிசா ஜன்னல் காற்றில் உட்கார்ந்து, தட்டில் இருந்ததை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா நான் ஒரு தம்ளரைக் கழுவுங்கன்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டீங்க. யாரோ டி. நகர்க்காரர் சொன்னதும் தேய்க்கறீங்க?"

"அது ஆர்டர், லூயிசா. யூனிஃபார்ம் போட்டவங்க சொன்னா கேட்டுத்தான் ஆகணும்."

"அவர் பனியன்லதானே இருந்தார்?"

பவுல்சாமி இன்னும் அழுத்தித் தேய்த்தார்.