உள்ளே ஓர் இடம்

விடியும்போதே பிபனா ஏணியில் நின்றாள். செர்ரி இலைகளில் தேங்கியிருந்த பனிநீர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. பழத்தைக் காம்போடு பறிக்க வேண்டும். காம்பு விட்ட பழம் கழிவுக்குப் போகும். அவசரத்தில் அடுத்த வருஷத்து மொட்டு முறிந்தால் அதற்கும் ஏச்சு விழும். கழுத்தில் தொங்கிய வாளி நிறைய நிறைய, வார் தோள்பட்டையை அறுத்தது. பூமியின் தென்கோடியிலிருக்கும் ஹியூஆன் பள்ளத்தாக்கில், கோடை மாதமான டிசம்பர் அப்படித்தான். காலையில் குளிர், பிறகு தோலை உரிக்கும் வெயில்.

பழத்தைவிடக் கொட்டகையைத்தான் அவள் கண் அதிகம் பார்த்தது. வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு யெசேனியா உள்ளே போய்க்கொண்டிருந்தாள். கொலம்பியாக்காரி, ஹோபார்ட்டில் பிபனா படிக்கும் அதே கல்லூரி. இருவரும் ஒரே வேனில்தான் இங்கே வந்தார்கள். வந்த வாரமே அவளுக்குக் கொட்டகைக்குள் பழம் தரம்பிரிக்கும் வேலை கிடைத்துவிட்டது. மழை பெய்தால் பறிப்பவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கொட்டகைக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. கல்லூரி திறந்ததும், வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று விசா விதி கையைக் கட்டிவிடும். அடுத்த பருவத்துக் கட்டணத்தை இந்த விடுமுறைக்குள் சேர்க்காவிட்டால் காத்மாண்டுவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். யெசேனியாவுக்கோ அந்தக் கவலையே இல்லை.

"சிரிச்சுச் சிரிச்சே உள்ள போயிட்டா பாருண்ணே."

பக்கத்து மரத்தில் பறித்துக்கொண்டிருந்த வகுப்புத் தோழன் லோகேந்திரா எட்டிப் பார்த்தான். "நீயும் சிரியேன் தங்கச்சி. என்ன, முதலாளி பயந்துடாம இருக்கணும்."

"உனக்குக் கிண்டல். அவ கொடுத்து வச்ச மகராசி. நான் என்ன, வெயில்ல வத்தலாகவா நேபாளத்துலேர்ந்து வந்தேன்?"

வெறும் பேச்சோடு அவள் நிற்கவில்லை. முதலாளி டெரி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "உள்ள இடம் காலியானா என்னையே கூப்பிடுங்க டெரி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று வெயில் ஏறிய நேரத்தில் டெரியே வந்தான். "உனக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு. தொப்பிய மாட்டிக்கிட்டு உள்ள போ. யெசேனியா இனிமே வரமாட்டா."

ஏன் என்று பிபனா கேட்கவில்லை. கொட்டகை வாசலில் பழப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த யெசேனியாவின் முகத்தைப் பார்க்காமலே கடந்து போனாள். ஒழியட்டும் என்றுகூட உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது.

உள்ளே பழம் ஓடும் பெல்ட்டின் இரைச்சல் காதை அடைத்தது. பனிக்கட்டி போட்ட தண்ணீரில் குளித்து வந்த பழங்கள் உருளைகளின் மேல் உருண்டுகொண்டே இருந்தன. வெடித்தது, இரட்டையானது, காம்பில்லாதது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். முதலில் அந்தக் குளிர்ச்சி சுகமாக இருந்தது. பிறகு ஊசியாகக் குத்தியது. அப்புறம் குத்துவதும் நின்றது. விரல்கள் வெளுத்துப்போய் யாருடைய விரல்களோ மாதிரி இருந்தன.

கையுறை கேட்டாள். "அதப் போட்டா பழம் நசுங்கும்" என்றான் டெரி, திரும்பாமலே.

கழிப்பறைக்கென்று வெளியே வந்தவளை யெசேனியா நிமிர்ந்து பார்த்தாள். வலது கையில் சுற்றியிருந்த துணி சிவந்து ஊறியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"உருளைல விரல் மாட்டிக்கிச்சு. மரத்துப்போன கை, வலியே தெரியல. செர்ரிச் சாறுன்னுதான் நெனச்சேன்."

பிபனா அவள் பக்கத்தில் குந்தினாள். "நீ சொகமா இருக்கேன்னு நெனச்சு நான் தெனம் வெந்துக்கிட்டிருந்தேன்."

"நீ வேற! வெயில்ல நிக்கிறாளே, கை கதகதப்பா இருக்கேன்னு நான் உன்னப் பாத்து எரிஞ்சேன்." யெசேனியா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கையுறை கேட்டப்பெல்லாம் டெரி கதவு வழியா உன்னைக் காட்டுவான். 'அந்த நேபாளப் பொண்ணு தவம் கெடக்குறா, கூப்பிடட்டுமா?'ம்பான். நான் வாய மூடிக்குவேன்."

பிபனாவுக்கு அறை வாங்கியதுபோல் இருந்தது. தன் பொறாமையைத்தான் அவன் இத்தனை நாளும் சாட்டையாகச் சுழற்றியிருக்கிறான். உள்ளே போனாள். சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். பெல்ட் நின்றது.

டெரி ஓடி வந்தான். "எவ நிறுத்துனது?"

"நான்தான். கையுறை வேணும். மணிக்கொரு தரம் ஆள் மாத்தணும். மொதல்ல அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நேத்துவரைக்கும் இந்த இடத்துக்குக் கெஞ்சுனது யாரு? உன்ன மாதிரி வெளிய பத்துப் பேரு நிக்கிறாங்க."

"கூப்பிடுங்க."

டெரி வாசலில் நின்று லோகேந்திராவைக் கூப்பிட்டான். அவன் வந்தான், யெசேனியாவின் கையையும் பிபனாவின் வெளுத்த விரல்களையும் பார்த்தான். வாளியைக் கழற்றி வைத்துவிட்டு, நின்றிருந்த பிபனாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். டெரி இன்னொரு பெயரைக் கத்தினான். அவளும் வந்து உட்கார்ந்தாள். கூப்பிட்டவர்களெல்லாம் வந்தார்கள். கூப்பிடாதவர்களும் வந்தார்கள்.

"சரி. நாளைக்கே ஹோபார்ட்டுலேர்ந்து ஒரு வேன் ஆளு எறக்குறேன்."

"எறக்குங்க" என்றான் லோகேந்திரா, கைப்பேசியை எடுத்தபடி. "அந்த வேன்ல வர்றவங்களும் எங்க வகுப்புதான். வராதீங்கன்னு இப்பவே பேசிடுறேன்."

டெரி வானத்தைப் பார்த்தான். மலைக்குப் பின்னால் மேகம் திரண்டிருந்தது. நனைந்தால் மரத்திலிருக்கும் பழமெல்லாம் வெடித்துவிடும்; அதற்குள் பறித்துத் தரம்பிரிக்க அவனுக்கு ஆள் வேண்டும். அவன் ஒன்றுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு வேலை உண்டா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிபனா யெசேனியாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, சற்று நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.