நாலு போல்ட்டுகள்

வீரமலை சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் வழித்து தரையில் நாலு போல்ட்டு பதித்து முடுக்கிய லேத் மெஷினின் கால்களைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழ் நடுவில் நின்றது. துறையூர் தாண்டி அவன் சொந்த ஊரில், பின்தங்கிய ஒன்றியத்துக்கான அரசு மானியத்தில் முதலாளி எழுப்பிய புது ஷெட்டு அது. அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

இத்தனை வருஷமும் அவனுக்கு வேலை திருச்சி அரியமங்கலத்தில், இதே முதலாளியின் பட்டறையில். விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். மனைவி ரங்கநாயகிக்கு வலிப்பு உண்டு. போன ஆடியில் தனியாக இருந்தபோது அடுப்போரம் விழுந்து முழங்கை வெந்துபோனது. அன்றிலிருந்து பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறி ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போடுவான். அவள் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு வீராயிக்குப் போடுவான். அந்த அவஸ்தை இனி இல்லை என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். வீரமலை ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து காட்டினான்.

"இனிமே நீங்கள்லாம் டவுனுக்கு அலைய வேணாம் பாருங்க" என்றார் ஒருவர். அவனையும் மெஷினையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் ரங்கநாயகி சோறு கொண்டுவந்தாள். வேலை செய்கிற இடத்தில் அவன் சுடுசோறு தின்றது அன்றைக்குத்தான்.

மெஷினுக்கான மானியமும் முதலாளி கைக்கு வந்த வாரமே பட்டறை டெம்போ வந்து நின்றது. டிரைவர் ஹாலித் இறங்கினான்.

"ஏத்தணும்ண்ணே. மெஷின் பட்டறைக்கே போகுது."

"எதுக்குப்பா? இப்பத்தானே இறக்குனோம்."

ஹாலித் டெம்போவிலிருந்து கயிற்றை இழுத்துப் போட்டான். பின்னாலேயே காரில் வந்த முதலாளி தரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"யாருய்யா உன்னை சிமெண்டு போடச் சொன்னது? சும்மா வைக்கத்தானே சொன்னேன்."

"இறுக்காம ஓட்டுனா மெஷின் ஆடுமுங்க."

"ஓட்டவா கொண்டாந்தோம்? இங்க ஆர்டரும் இல்ல, ஒழுங்கா கரண்டும் இல்ல. நட்டைக் கழட்டு. காலையில வழக்கம்போல பட்டறைக்கு வந்துடு."

அந்த வேலையையும் விட்டால் ரங்கநாயகியின் மாத்திரைக்கு எங்கே போவது? வீரமலை உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, தான் பூசியதைத் தானே கொத்தினான்.

மெஷினை ஏற்றிக் கயிறு கட்டும்போது ரங்கநாயகி சோற்றுத் தூக்கோடு வந்தாள். முதலாளி அவள் கையில் ஷெட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"தினம் காலையில திறந்து கூட்டிப் போடும்மா. ஆபீசருங்க வந்தா மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லு."

"போல்ட்டை அறுத்துடட்டுங்களா?" என்று கேட்டான் வீரமலை. தரையிலிருந்து நாலும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

"இருக்கட்டும். அதைப் பாத்தாத்தான் நம்புவாங்க."

மறுநாள் கொள்ளிடம் பாலத்தில் கோபுரம் தெரிந்தது. போன் வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"ஷெட்டைக் கூட்டிக்கிட்டு இருக்கேன். இந்த போல்ட்டுதான் கால்ல தட்டிக்கிட்டே இருக்கு."

"தனியாவா?"

"பின்ன, கூட யாரு வருவா?"

"அது மேல சாக்கு எதையாச்சும் சுத்தி வை."

"இங்க ஏது சாக்கு? ஒண்ணுமே இல்லையே" என்றாள். விளக்குமாறு சிமெண்டுத் தரையில் தேய்கிற சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.