கதவுடைப்பாளின் இரண்டாம் பாகம்

அக்கா துணி மடிக்கிறேன் என்ற பெயரில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பார்வை துண்டில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

என் மடியில் அவளுடைய நாவலின் இரண்டாம் பாகம். நாளைக் காலை அது பதிப்பாளர் கைக்குப் போக வேண்டும். நாளைக் காலை நானும் தீயணைப்பு நிலையத்துக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும்.  இரண்டில் எதை நினைத்து அதிகம் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. பூதங்களும் மந்திரக் கோட்டைகளும் நிறைந்த உலகம். அதில் ஒருத்தி. வாயைத் திறந்தால் வசவு, காலைத் தூக்கினால் கதவு தூள். கதவுடைப்பாள் என்றே அவளுக்குப் பெயர். எந்தக் கதவையும் உடைப்பதற்கு முன்னால் கையுறையைக் கழற்றி, புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சுட்டால் அந்தப் பக்கம் தீ காத்திருக்கிறது என்று அர்த்தம். தீயணைப்பில் நாங்கள் செய்வது அதுதான். அந்தக் கதவுடைப்பாள் நான்தான். இல்லவே இல்லை என்று அக்கா ஊரெல்லாம் சாதிப்பாள், அது வேறு விஷயம்.

அதைப் படித்தபோது நான் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்கே கேட்டது. "அட கழுதை, பின்னாடி பாருடி! அவனை நம்பாதடி, லூசு!" நான் எவ்வளவு திட்டுகிறேனோ அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பது அக்காவின் கணக்கு.

இன்று காலையிலிருந்து என் வாயிலிருந்து ஒரு வசவுகூட வரவில்லை.

என்னத்தைத் திட்டுவது? கருங்கோட்டை வாசலில் காவல் பூதம் கொட்டாவி விட்டுக்கொண்டே வழி விடுகிறது. எரிமலை ராணி தானாக வந்து சமாதானம் பேசுகிறாள். நிலவறைக் கதவு, பாழ்மண்டபக் கதவு, எல்லாம் கதவுடைப்பாள் வரும்போதே திறந்துகொள்கின்றன. உறையிலிருக்கும் வாள் துருப்பிடித்தே போயிருக்கும். பக்கத்தைப் புரட்டப் புரட்ட எனக்குப் பயம்தான் ஏறியது. இதை எப்படி அக்காவிடம் சொல்வது?

படுக்கையறைப் பக்கமிருந்து காற்று அடித்து நாலைந்து தாள்கள் பறந்தன. அந்தக் கதவு விரியத் திறந்து கிடந்தது. மூடாமலிருக்க அடியில் ஒரு செங்கல். சமையலறைக் கதவுக்கு அரிசி டப்பா. நான் வேலையில் அடிபட்டு இங்கே அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்த வீட்டில் கதவைச் சாத்தும் பழக்கமே போய்விட்டது.

"ஏன்க்கா, இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று எரிந்து விழுந்தேன்.

"காத்து வரட்டுமேன்னுதான்." தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தவள் நகரவில்லை. "எதுவரைக்கும் வந்திருக்க?"

"பாதிக்கு மேல."

"நீ திட்டவே இல்லையே."

 சட்டென்று தாளைப் பார்த்து, "அடிப்பாவி, பின்னாடி பாருடி!" என்று கத்தி வைத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கத்துல அவ தூங்கிட்டு இருக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. கையிலிருந்த துண்டைத் தரையில் எறிந்தாள். "நல்லா இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லேன். பதிப்பாளர் அருமைன்னு சொன்னாரு. உங்க அத்தானுக்குக் கண்ல தண்ணியே வந்துடுச்சு."

"அத்தானுக்கு சோப்பு விளம்பரம் பார்த்தாலும் தண்ணி வரும்."

"விளையாடாத. நாளைக்குக் குடுக்கணும். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். முடியவில்லை. இந்த வாய் எனக்குப் பிறவியிலேயே வந்தது. "சப்புன்னு இருக்குக்கா," என்றேன். "அவளுக்கு ஒரு கீறல்கூட விழல. ஒரு கதவுலயாவது கை வெச்சாளா? எல்லாக் கதவையும் நீயே திறந்து விட்டுட்ட. அவ எதுக்கு அங்க? பொம்மையா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது, என் மீதே ஆத்திரமாகவும் இருந்தது. ஆனால் அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ குளியலறைக் கதவுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

மடியிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

நான் அடிபட்ட அன்று, தீப்பிடித்த அந்த மரக்கிடங்கின் கதவு சுடவில்லை. புறங்கையை நன்றாக வைத்துத்தான் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. திறந்து நாலடி வைப்பதற்குள் கூரை இறங்கிவிட்டது. உடைந்த தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் மூடிய கதவைப் பார்த்தால் இந்தக் கை இன்னமும் உதறுகிறது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கல்லைப் பார்த்தேன். அரிசி டப்பாவைப் பார்த்தேன். எனக்காகத்தான் என்று தெரியாமல் நானும் இத்தனை நாளாக இவளைத் திட்டித் தீர்த்திருக்கிறேனே!

"கதையில அவளைக் கதவுகிட்ட கொண்டுபோய் நிறுத்தினாலே எனக்குக் கை ஓடல," என்றாள் அக்கா. "எழுதிப் பார்த்தேன், கிழிச்சுப் போட்டேன். அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"எனக்குப் பயமா இருக்குக்கா." சொன்ன பிறகுதான் நான் சொன்னதே எனக்குத் தெரிந்தது. "நாளைய நினைச்சா சோறு இறங்கல. ஸ்டேஷன்ல யார்கிட்டயும் சொல்லல."

அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.  

"பதிப்பாளருக்கு போன் பண்ணிடறேன். நாளைக்கு முடியாதுன்னு," என்றாள் கடைசியில். "அவளுக்கும் பயம்னு எழுதட்டுமா? படிக்கறவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும். திட்டினாத்தானே நல்லது?"

"கை நடுங்குமா அவளுக்கு?"

"நடுங்கும். முழங்கை வரைக்கும்."

"அப்புறம் திறக்கறாளா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ச் செங்கல்லைக் காலால் தள்ளினேன். கதவு காற்றில் படாரென்று மூடிக்கொண்டது. அதன் முன்னால் நின்று புறங்கையை வைத்தேன். வெறும் மரம், அந்தப் பக்கம் ஒரு கட்டிலும் அலமாரியும், அவ்வளவுதான். ஆனாலும் கை தந்தியடித்தது.  அக்கா எழுந்து வரப் பார்த்தாள். வராதே என்று இன்னொரு கையைக் காட்டினேன்.

"அட கழுதை," என்று சத்தமாகவே சொன்னேன், "எவ்வளவு நேரம்டி நிப்ப? திறந்து தொலைடி!"