வலது கையில்லாத கரடி

பெருமாயிக்கு அந்தக் கைக்குட்டையை நினைத்தாலே குமட்டிக்கொண்டு வந்தது. பிணத்தைத் தொட்டுக் குமட்டாத வயிறு அவளுடையது. புருஷனையும் கூடப் பிறந்தவனையும் ஒரே பாயில் கிடத்தித் தன் கையாலேயே கழுவியவள் அவள். ஆனால் தாசில்தார் மூக்கில் பொத்திக்கொண்டிருந்த வெள்ளைத் துணி, அதன் ஓரத்தில் தைத்திருந்த ஊதாப்பூ, அதிலிருந்து வீசிய அத்தர் வாசம், இவைதான் கஞ்சிக் கலயத்தை எடுக்கும்போதெல்லாம் தொண்டையில் வந்து நின்றன.

அந்த மனிதர் மலைக்கு வந்ததே வேறு காரியத்துக்கு. மாசி மாதம் எடப்புளி நாட்டுக் காட்டில் வேட்டையாட நான்கு துரைமார் வந்திருந்தார்கள். இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள், இரண்டு பேர் நம்மவர்கள். தொப்பி போட்டுத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துவிட்டால் எல்லோரும் துரைதான். அவர்களுக்குக் கோழி, முட்டை, பால், காடு கலைக்க ஆள் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கக் கீழ்நாட்டிலிருந்து டோலியில் ஏறி வந்தவர்தான் தாசில்தார். எட்டு ஆள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நல்ல கனமான மனிதர்.

காடு கலைக்கப் போன இருபது பேரில் பெருமாயியின் புருஷன் செங்கோடனும், அவள் தம்பி ராசப்பனும் இருந்தார்கள். தப்பட்டை அடித்துக்கொண்டு, கூவிக்கொண்டு, புதரை மிதித்துப் போக வேண்டும். உள்ளே கிடக்கும் பன்றியோ மானோ மிரண்டு, துரைமார் மறைந்திருக்கும் பக்கம் ஓடும். பெருமாயி அப்போது மேட்டில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு வெடி. “ரெண்டு பன்னி உழுந்துருச்சாட்ட இருக்குது” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னது அவள்தான். அந்த வாயைக் கிழித்துப் போட்டால் என்ன என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாள்.

துரைமார் தங்கியிருந்த பங்களா முற்றத்தில் சாயந்தரமே விசாரணை நடந்தது. கோழிக்கு ஏற்பாடு செய்தவரே விசாரணைக்கும் அதிகாரி. பிணங்களிலிருந்து பத்து முழம் தள்ளி நாற்காலி போட்டு, கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு உடலும் குப்புறக் கிடந்தன. புரட்டு என்று அவர் சொல்லவில்லை. புரட்ட எவனும் துணியவில்லை. துணிக்குள்ளிருந்தே “கரடி” என்றார். குமாஸ்தா கரடி என்று எழுதிக்கொண்டான். சுட்ட காட்டுக்கோழியைக் கடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்ற துரைமார் நால்வரில் ஒருவரையும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காகிதத்தில் விரல் வைத்தவர் காளியண்ணன். ஊர்க்கவுண்டர் அவர்தான், செங்கோடனைப் பெற்றவரும் அவர்தான். பிள்ளையின் பிணத்துக்கு முன்னால் நின்று, இங்கே வை என்ற இடத்தில் பெருவிரலை வைத்தார். அடக்கம் பண்ணிக்கொள்ளலாம் என்று அதன் நகல் ஒன்றை அவர் மடியில் திணித்து அனுப்பினார்கள். அதையும் படிக்கத் தெரியாது.

ஆண்கள் பார்த்தது அவ்வளவுதான். கழுவுகிற வேலை பெண்களுடையது. கரடி அடித்தால் முகம் மிஞ்சாது என்பது அந்த மலையில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு முகத்திலும் ஒரு கீறல்கூட இல்லை. ராசப்பனுக்குக் காயம் முதுகில். செங்கோடனைப் புரட்டியபோது நெஞ்சில். பெருமாயி விரலை விட்டுத் துழாவினாள். ஐந்து ஈயக்குண்டுகள் வந்தன.

அவளுக்கு எல்லாம் கண்ணில் பார்த்தாற்போல விளங்கிவிட்டது. தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு விழுந்திருக்கிறான். அவனைத் தூக்க ஓடியவன் நிமிர்ந்திருக்கிறான், சுட்டவன் முகத்தைப் பார்த்திருக்கிறான். முதல் வெடி கைத்தவறு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது வெடிக்கு என்ன பேர்?

அந்த நாட்டில் வேட்டையில் கைதவறி ஆள் விழுந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. விழுந்திருக்கிறது. அதற்கு ஒரு வழமை உண்டு. எவன் கை தவறியதோ அவனே வந்து குழியில் முதல் பிடி மண் போட வேண்டும். போட்டுவிட்டு, யார் துணையும் இல்லாமல் நடந்து தன் ஊருக்குப் போக வேண்டும். அதோடு சரி, பழி இல்லை. அவன் வராதவரை குழியை மூடக்கூடாது. பலகையும் முள்ளும் போட்டு மறைத்து, ஆள் மாற்றிக் காவல் இருக்க வேண்டும்.

இரண்டு உடலையும் ஒரே குழியில் இறக்கிவிட்டு அப்படித்தான் காவல் இருந்தார்கள். மறுநாள் பெருமாயி மாமனாரைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். ஐந்து குண்டுகளையும் தாசில்தார் மேசைமேல் வைத்தாள்.

“என்ன இது?”

“உடம்புல இருந்து எடுத்ததுங்க சாமி.”

“கள்ளத் துப்பாக்கி வெச்சு மான் அடிக்கிற கூட்டம்தானே நீங்க. எப்பவோ பட்டதா இருக்கும்.”

“எப்பவோ பட்டதுன்னா நேத்து வரைக்கும் எங்கூட்டுக்காரர் நெஞ்சுல ஓட்டையோட கஞ்சி குடிச்சாருங்களா?”

காளியண்ணன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. “நாங்க தூக்குல போடச் சொல்லலீங்க. நாலு பேருல யாருன்னு சொல்லுங்க, போதும். வந்து ஒரு பிடி மண்ணப் போட்டுட்டுப் போவட்டும்.”

தாசில்தார் கைக்குட்டையை விரித்தார். குண்டுகளை அதில் கூட்டி அள்ளி, எழுந்து போய், தாழ்வாரத்துக்கு அப்பால் இருந்த பள்ளத்தில் உதறினார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிறகு அதே துணியை மடித்து மூக்கில் வைத்துக்கொண்டார். பெருமாயிக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குமட்டியது. பங்களா வாசலிலேயே வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டுப் போ என்றான் குமாஸ்தா.

வீடு திரும்பியும் மாமனாருக்கு அவள் கஞ்சி ஊற்றவில்லை. “நீங்க வெரலு வெச்சீங்களே மாமா, அது என்னன்னாவது கேட்டீங்களா?” என்றாள். அவர் எழுந்து முள்ளுப் போட்ட குழிக்குப் பக்கத்தில் போய்க் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து மட்டக்குதிரையோடு வரும் யாக்கூப் பாய் அடுத்த நாள் வந்தார். வியாபாரம் பேசவே இல்லை. காளியண்ணன் மடியிலிருந்த காகிதத்தை நீட்டினார். யாக்கூப் எழுத்துக் கூட்டி, முதலில் மனசுக்குள் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுளித்தது.

“வாய்விட்டுப் படிங்க பாய்” என்றாள் பெருமாயி.

“படிக்கவே கூசுதும்மா.”

“கேக்கறவளுக்குக் கூசல. படிங்க.”

அவர் படித்தார். “மேற்படி இருவரும் குடிவெறியில் உத்தரவில்லாமல் காட்டுக்குள் நுழைந்தபோது, கரடி ஒன்று தனது வலது கை நகங்களால் இருவர் முதுகிலும் பிறாண்டிக் கொன்றது. நேரில் பரிசோதித்ததில் வேறு காயம் இல்லை. இதற்கு உள்ளூர்க் கவுண்டரும் சம்மதித்துக் கைநாட்டு வைத்தார்.”

காளியண்ணன் தன் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தார். மை இன்னும் போகவில்லை. அதை வேட்டியில் தேய்த்தார், பிறகு தரையில் தேய்த்தார், தோல் உரிகிறவரை தேய்த்தார். “எம்பையன் குடிக்க மாட்டானுங்க பாய்” என்றார். பெருமாயி அன்றைக்கு அவருக்குக் கஞ்சி ஊற்றினாள்.

கரடி என்று எழுதியாகிவிட்டது, ஒரு கரடி வேண்டுமே! அன்று மாலையே துரைமார் ஒன்றைச் சுட்டுத் தூக்கிவந்து, ஆட்கொல்லியை ஒழித்தோம் என்று சோளக்காட்டுச் சந்தை மேட்டில் போட்டு, ஆளுக்கொரு காலை அதன்மேல் வைத்து நின்றார்கள். பிறகு குதிரை ஏறி மலை இறங்கிப் போய்விட்டார்கள். தோலை உரித்துப் பின்னால் அனுப்புவது தாசில்தார் பொறுப்பு.

பெருமாயியும் காளியண்ணனும் யாக்கூப்போடு போய்ப் பார்த்தார்கள். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கிழட்டுக் கரடி. பலாப்பழக் காலத்தில் ஊர் ஓரம் வந்து, அழுகி விழுந்ததைத் தின்றுவிட்டுத் தன் பாட்டில் போகும். வாயில் பல் நாலுதான் மிச்சம். பெருமாயி குனிந்து அதன் முன்னங்காலை ஒதுக்கிப் பார்த்தாள். இடது பக்கம் பாதம் இருந்தது. வலது பக்கம் மணிக்கட்டோடு மொழுக்கென்று ஆறிப்போன முண்டு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பன்றிக்கு வைத்த இரும்புப் பொறியில் அந்தப் பாதம் போயிற்று. பொறி வைத்தவன் செங்கோடன்.

“பாய், நீங்க படிச்சது எந்தக் கைன்னு படிச்சீங்க?”

“வலது கை” என்றார் யாக்கூப். “கண்ணு எனக்கு நல்லாத்தாம்மா தெரியுது.”

பெருமாயி சிரித்தாள். சாவு விழுந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு யாக்கூப் குதிரையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

மறுநாள் காலையில் தாசில்தாரே குழிக்கு வந்தார். டோலி, குமாஸ்தா, இரண்டு போலீஸ். அங்கிருந்து அப்படியே மலை இறங்குவதாகத் திட்டம். குழி திறந்தே கிடக்கிறது என்பது அவரை உறங்கவிடவில்லை. கீழேயிருந்து ஒரு டாக்டர் வந்து முள்ளை விலக்கி எட்டிப் பார்த்தால் எழுதினதெல்லாம் போச்சு. அது அவருக்கும் தெரியும், பெருமாயிக்கும் தெரியும்.

“கரடியச் சுட்டாச்சு, கேஸ் முடிஞ்சுது” என்றார் துணிக்குள்ளிருந்து. “பொணத்தத் தெறந்து போட்டு வாந்திபேதி பரப்பறீங்கன்னு அத்தனை பேரையும் உள்ள தள்ளிருவேன். மூடுங்க.”

ஊரே நின்றது. ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பியது. போலீஸ்காரன் ஒருவன் ஓரமாகப் போய் ஓங்கரித்தான்.

காளியண்ணன் முன்னால் வந்தார். தோல் உரிந்த பெருவிரலைத் துணியில் சுற்றியிருந்தார். “மூடறமுங்க சாமி. மொதப் பிடி மட்டும் கை தவறுனவங்க போடோணுமுங்க.”

“கரடிதான்னு சொல்றேனே, முட்டாள்!”

“ஏனுங்க சாமி,” என்றாள் பெருமாயி, “வலது கையால அடிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கரடிக்கு வலது கையே இல்லீங்களே. இல்லாத கை எப்படியுங்க மண்ணு போடும்?”

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டான். ஓங்கரித்துவிட்டு வந்த போலீஸ்காரன், வந்த சிரிப்பை இருமலாக்கினான். தாசில்தாரின் காது மடல் சிவந்தது.

“அதுக்கு என்னை என்னடி செய்யச் சொல்ற?”

“அதுக்கு ஒரு கையக் குடுத்தது நீங்கதானுங்களே. எழுதுன கை போடட்டுமுங்க. மிச்சத்த ஊர்சனம் நாங்க மூடிக்கறோம்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நாற்றமும் ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் காட்டுச் சனத்தின் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு பிடி மண்தானே என்று நினைத்திருப்பார். சலித்துக்கொண்டே குனிந்து, இரண்டு விரலால் கொஞ்சம் மண்ணைக் கிள்ளி, குழிக்குள் பார்க்காமலே வீசினார். “போதுமா?”

காளியண்ணன் கும்பிட்டார்.

தாசில்தார் போய் டோலியில் உட்கார்ந்தார். டோலி எழவில்லை. எட்டு ஆட்களும் தள்ளிப் போய்க் கைகட்டி நின்றார்கள்.

“தூக்குங்கடா!”

அவர்களில் மூத்தவன் அண்ணாமலை. அதே மலையில் திருப்புலி நாட்டுக்காரன், செத்தவர்களுக்கு உறவும் இல்லை. “தூக்கக்கூடாதுங்க,” என்றான் பணிவாக. “மண்ணு போட்டவங்க நடந்துதானுங்க போகோணும். மலைக்கே அதுதான் வழமைங்க.”

“என்ன வழமை?”

குமாஸ்தா அவர் காதருகே குனிந்து வழமையைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் தாசில்தார் டோலியிலிருந்து துள்ளி இறங்கினார். கைக்குட்டை கீழே விழுந்தது. நான்கு நாளில் முதல் தடவையாக அவருடைய முழு முகத்தையும் ஊர் பார்த்தது. மெத்தென்ற சாதாரண முகம்.

“நானா? நானாடா கொன்னேன்? நான் துப்பாக்கியத் தொடவே இல்ல! சுட்டது அந்த...”

அங்கே நின்றது. பேர் நாக்கு நுனிவரை வந்ததைப் பெருமாயி கண்ணால் பார்த்தாள். உதடு அதற்காகக் குவிந்தும்விட்டது. அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

கரடி இல்லை. அவர் வாயாலேயே வந்தாகிவிட்டது. சுட்டவன் ஒருவன் இருக்கிறான், அவன் பேர் இவருக்குத் தெரியும்.

“சொல்லுங்க சாமி,” என்றாள் பெருமாயி. அவள் குரல் கெஞ்சியது. அப்படிக் கெஞ்சியதற்காகத் தன்னையே அவள் பின்னால் வெறுத்தாள். “அந்தப் பேரு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டோலி இப்பவே எந்திரிக்கும்.”

தாசில்தார் டோலியைப் பார்த்தார். செங்குத்தாக இறங்கும் பாதையைப் பார்த்தார். அடிவாரம் வரை கல்லும் சறுக்கலும். ஒரு பொழுது நடை. அந்த உடம்போடு இரண்டு பொழுது ஆகும். போலீஸ்காரர்கள் தூக்கலாமே என்பதுபோல அவர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் விழுங்குவது தெரிந்தது. விழுங்கிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

முதல் திருப்பத்திலேயே ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்தார். எழுந்து மறுபடி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பேர். அதைச் சொல்வதைவிட ஒரு மலையை இறங்குவது அந்த மனிதருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பெருமாயிக்கு வயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. கீழே கிடந்த கைக்குட்டையைக் காலால் தள்ளி, காறித் துப்பிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள்.