கரைமேட்டில் ஒரு டெஸ்ட் டிரைவ்

எழில்மொழிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பதினோரு வருஷமாக நடவுப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு பாபநாசம் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்வருகிறவள் அவள். வேன் ஓய்ந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும். எந்த வண்டி என்று முடிவு செய்ய சென்னையிலிருந்து தம்பி நெடுஞ்செழியன் வந்து இறங்கியிருக்கிறான், ஷோரூம் காரோடும் அவள் கையெழுத்துப் போடவேண்டிய ஆர்டர் படிவத்தோடும்!

"முன்சக்கரம் இழுக்குற வண்டிதான்க்கா பத்திரம். பதினஞ்சு வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

"எங்கடா ஓட்டுன? தார்ரோட்டுல! இங்க வாய்க்கால் கரை ஏறணும். பின்னாடி ஏழு பேரு உக்காந்திருப்பாங்க. பழைய வேன்ல பின்சக்கரம் தள்ளும், ஆளு ஏற ஏற மண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். இதுல மூக்கு தூக்கிக்கும், முன்சக்கரத்துக்குப் பிடி இருக்காதுடா."

"அதெல்லாம் அந்தக் காலம்."

அந்தக் காலமாம்! நேற்றுவரை ஓட்டியவளிடம் சொல்கிறான். ஏழு மணிக்குள் வயலில் இறங்காவிட்டால் அடுத்த ஊர் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். ஏழு வீட்டுக்கும் அன்றைய கூலி போச்சு. இது அவனுக்கு எங்கே உறைக்கப்போகிறது?

"ஏறுங்க எல்லாரும்," என்றாள். காத்தாயியும் மற்ற பெண்களும் திமுதிமுவென்று ஏறிக்கொண்டார்கள். நெடுஞ்செழியன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். விடிய விடியப் பெய்த மழையில் கரைமேடு சொதசொதவென்று கிடந்தது. பாதி மேட்டில் முன்சக்கரம் இரண்டும் வெறுமனே சுற்றின. அவன் மிதிக்க மிதிக்க பக்கமெல்லாம் சேறு.

"தம்பி, நாங்க நடந்தே போயிடுறோம்," என்றாள் காத்தாயி. உள்ளே ஒரே சிரிப்பு. வண்டி வழுக்கிக்கொண்டு கீழே வந்து நின்றது.

"எறங்கு."

எழில்மொழி உட்கார்ந்தாள். வேனுக்கு முன்னால் ஆறு மாதம் ஒரு டாக்டரம்மாவின் முன்சக்கரக் காரை ஓட்டியபோது கண்டுகொண்ட வித்தை ஒன்று அவளிடம் இருந்தது. வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, பின்பக்கமாகவே மேட்டில் விட்டாள். இப்போது பாரம் பள்ளத்துப் பக்கம் இருந்த முன்சக்கரத்தின் மேல் சாய்ந்தது. சக்கரம் பிடித்துக்கொண்டது. கழுத்தைத் திருப்பியபடியே ஒரே மூச்சில் கரை உச்சிக்குக் கொண்டுபோனாள்.

தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். "பாத்தியாக்கா, வண்டி ஏறிடுச்சுல்ல! போடு கையெழுத்த."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. படிவத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

"வண்டி ஏறலடா. நான் ஏத்தினேன்." சாவியை அவன் கையில் திணித்தாள். "நாளைக்கு நானும் காத்தாயக்காவும் போய் வண்டி பாக்குறோம். நீ வராத."