என் பேர் இருக்கட்டும்

போர்வையின் ஒரு முனையைக் கொடியில் போட்டுவிட்டு மறுமுனையை இழுக்கக் குனிந்த நேரத்தில்தான் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரும் மெயிலைத் துணி காயப்போட்டுவிட்டுப் பார்த்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் அண்ணிக்குக் கை நிற்காது. பத்து விரலிலும் ஈரம் சொட்ட, மூக்கு நுனியால் திரையைத் தட்டித் திறந்தாள். அனுப்பியிருந்தவர் பெரியவர்.

அண்ணி என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு, கணவனின் தங்கை. ஆனால் கணவனும் எதற்கெடுத்தாலும் "உங்க அண்ணிகிட்ட கேளு" என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லி, ஏழு வயது மகள்கூட ஒருநாள் அண்ணி என்று கூப்பிட்டு அடி வாங்கப் பார்த்தாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையிலோ அவள் கெர்னல்காரி. கம்ப்யூட்டருக்கு அடியாழத்தில் ஓடுகிற அந்த மென்பொருளில், ஒரே ஒரு வகை ப்ராசஸருக்கான பகுதியை உலகம் முழுக்க ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் திருத்தம் எழுதி அனுப்புவார், அதற்குப் பேட்ச் என்று பெயர். மற்றவர்கள் எல்லார் முன்னிலையிலும் அதைப் பிரித்து மேய்வார்கள். அண்ணி பதினோரு வருடமாக மேய்கிறவள். நாத்தனாரோ ப்ராசஸர் செய்கிற கம்பெனியில் சேர்ந்து அதே பகுதிக்குப் பேட்ச் எழுதுகிறவள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்படியில் நின்றாலே ஊர் வேடிக்கை பார்க்கும். இவர்கள் ஒரே கெர்னலில் நின்றார்கள், அதுவும் இதுவரை சண்டை இல்லாமல்.

பெரியவர்தான் கடைசியில் எல்லாவற்றையும் உள்ளே சேர்ப்பவர். அவர் மூன்று வரிக்கு மேல் எழுதி யாரும் பார்த்ததில்லை. 'அறுபத்து நான்கு கோர் உள்ள இயந்திரங்கள் உறைந்து நிற்கின்றன. காரணம் இந்தப் பேட்ச்சின் நாற்பத்தோராவது வரி. எழுதியவர், பார்த்தவர் இருவரில் யார் இதைப் படித்தீர்கள்? நாளை மாலை வெளியீடு.' கீழே நாத்தனாரின் பேட்ச். அதன் அடியில், எழுதியவர் என்ற இடத்தில் நாத்தனார் பெயர். பார்த்தவர் என்ற இடத்தில் அண்ணியின் பெயர்.

போர்வையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். லேப்டாப் திறக்கும் நேரம்கூட ஒரு யுகமாக இருந்தது. நாற்பத்தோராவது வரியைக் கண்டுபிடித்தாள். அடுத்த வரியையும் படித்தாள். இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. இது தான் பார்த்த பேட்ச்சே இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவள் பார்த்தது மூன்றாம் வடிவம். இது நான்காம் வடிவம்.

அந்த ஏழெட்டுப் பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உன் பேட்ச்சைப் படித்துச் சரி என்று சொன்னால் அவர் பெயரை அடியில் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வடிவத்தில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினால் பெயர் அப்படியே வரலாம். உள்ளே கை வைத்தாயானால் பெயரை எடுத்துவிட்டு மறுபடியும் கேட்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் கண்டிப்பாக எழுதி வைக்காத இந்த ஒன்றை நம்பித்தான் அத்தனையும் ஓடுகிறது. பெரியவர் எல்லா வரியையும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. அவர் படிப்பது அடியில் இருக்கும் பெயரை. அண்ணியின் பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவார். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதை ஒருத்தி எடுத்துத் தன் பேட்ச்சில் ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தபோது அண்ணிக்குக் காது மடல் சுட்டது.

நாத்தனார் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாத்தியா மெயில?"

"பாத்தேன் அண்ணி. அதான் நானே உங்களுக்கு..."

"நாலாவதுல எதுக்கு என் பேரு இருக்கு? யாரக் கேட்டு ஒட்டின?"

"அண்ணி, ஒரு நிமிஷம். நீங்கதான்..."

"நான் பாத்தது மூணாவது. அதுல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. வேகம் வேணும்னு நீ பாட்டுக்கு வரிய மாத்துவ, அடியில என் பேரப் போட்டு அனுப்பிடுவ, இல்ல? இதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். குடும்பம்னு பாத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"சரி அண்ணி. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அழுகையோ கோபமோ இல்லாமல் அப்படிச் சொன்னது அண்ணிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு கிரீஸ் கையோடு வந்தபோது அவள் செருப்பு அலமாரிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மேல்தட்டில் செருப்புகள், கீழ்த்தட்டில் சோதனைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் போர்டு. எட்டு கோர் கொண்ட அந்தப் போர்டு உள்ளங்கை அளவுதான். ஆனால் அதன் விசிறி வாஷிங் மெஷினோடு போட்டி போடும். நான்காம் வடிவத்தை ஏற்றிச் சோதனையை ஓடவிட்டிருந்தாள். உறைகிறதா என்று தன் கண்ணால் பார்க்காமல் அவள் எதையும் நம்பமாட்டாள்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா? போன்ல அவ குரலே சரியில்ல" என்றான்.

அவள் கொட்டித் தீர்த்தாள். ஒரு புரோகிராமிடமிருந்து நினைவகத்தில் ஓர் இடத்தைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன், ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லா கோரும் பழைய முகவரியை மறந்துவிட்டோம் என்று சொல்லியாக வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். நாலாவதில் இடத்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் காத்திருக்கிறது. கோடியில் ஒரு தடவை, பழைய முகவரியோடு ஒரு கோர் உள்ளே நுழைந்துவிடும்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "கதவு பூட்டிக்கிச்சுன்னு சிக்னல் வர்றதுக்கு முன்னாடியே மோட்டார ஓட விட்ட மாதிரி. பெரும்பாலும் கதவு பூட்டித்தான் இருக்கும். என்னைக்காவது ஒரு நாள் எவனாவது கால வெளிய வச்சிருப்பான்."

"அதேதான்."

"ஏம்மா, திங்கக்கெழமதான அவளுக்கு வேலைய நிரந்தரம் பண்றாங்க?"

"அதுக்கு நான் என்ன பண்ண? ஆறு மாசம் பொறுத்தவளுக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கத் தெரியல."

மனைவிக்கும் தங்கைக்கும் நடுவே தலையைக் கொடுக்காத கலையை அவன் பத்து வருடமாகப் பழகி வைத்திருந்தான். குளிக்கப் போய்விட்டான்.

இரண்டு மணிக்கு நாத்தனாரின் பதில் எல்லாருக்குமான குழுவில் வந்தது. 'தவறு முழுக்க என்னுடையது. நான்காம் வடிவத்தில் வரிகளை இடம் மாற்றினேன். பார்த்தவரின் பெயரை அவரைக் கேட்காமல் நானே தொடர்ந்து போட்டுவிட்டேன். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. திருத்தத்தை மாலைக்குள் அனுப்புகிறேன்.' ஐந்து நிமிடத்தில் பெரியவரின் பதில். 'பெயரைக் களவாடுவதை நான் மறப்பதில்லை. திருத்தத்தை வேறு யாராவது படித்துச் சொன்னால் பார்க்கிறேன்.'

அண்ணிக்கு மனசு குளிர்ந்தது. அதை மறைப்பானேன், குளிரத்தான் செய்தது. தன் மேல் அழுக்கு ஒட்டவில்லை. எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அப்புறம் தானும் இரண்டு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தாள். 'என்னிடம் கேட்கப்படவில்லை என்பது உண்மை' என்று ஆரம்பித்தாள். அவள் எதையும் தேதி இல்லாமல் எழுதமாட்டாள்; அது அவள் பிடிவாதம். நான்காம் வடிவம் வந்த தேதி எது, தான் கடைசியாகப் பேசியது என்றைக்கு என்று பார்க்க, பழைய மெயில்களில் நாத்தனாரின் பெயரைப் போட்டுத் தேடினாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மெயில். குழுவுக்கு இல்லை, அவளுக்கு மட்டும். 'அண்ணி, நாலாவதுல ரெண்டு வரி இடம் மாத்தியிருக்கேன், வேகத்துக்காக. உங்க பேர எடுத்துடவா, வேணாமா? ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க.' அதற்குக் கீழே, ஆறே நிமிடத்தில், அவளுடைய பதில். 'சின்ன மாத்தம்தானே. என் பேர் இருக்கட்டும். மீட்டிங்ல இருக்கேன்.'

உடனே அந்த இடம் ஞாபகத்துக்கு வந்தது. மகளின் பள்ளிக்கூடம், பெற்றோர் கூட்டம், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி. முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, டீச்சர் கூப்பிடும்வரை போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேட்ச்சைத் திறந்தாளா? திறக்கவில்லை. திறந்ததாக ஒரு துளி ஞாபகம்கூட இல்லை. திறந்திருக்கலாமே என்று மனசு சப்பைக்கட்டு கட்டப் பார்த்தது. திறந்து பார்த்திருந்தால் அந்த வரியை விட்டிருக்கமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

நாத்தனார் கேட்டிருக்கிறாள். வழக்கம் தவறாமல் கேட்டிருக்கிறாள். காலையில் மூன்று தடவை அதைச் சொல்ல வாயெடுத்தாள். மூன்று தடவையும் வாயை அடைத்தது யார்?

செருப்பு அலமாரியில் விசிறிச் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தாள். நாலு மணி நேரமாக மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு மினுக்காமல் நிலைத்து நின்றது. போர்டு உறைந்துவிட்டது. இந்நேரம் எத்தனை இயந்திரங்கள் எங்கெங்கே இப்படி நின்றிருக்குமோ, அத்தனையிலும் அடியில் அவள் பெயர் இருக்கிறது.

இந்த மெயில் இருப்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி தானே பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி எழுதிக்கொண்டிருந்த இரண்டு வரியை அனுப்பினால் கதை முடிந்தது. அனுப்பக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். கொஞ்ச நேரம் அவள் சும்மாதான் இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் வெட்கப்பட்டாள்.

பிறகு போனை எடுத்தாள். இந்தத் தடவை ஐந்தாறு தடவை மணி அடித்தது.

"அந்த மெயில் உங்கிட்ட இருந்துச்சுல்ல?"

மறுமுனையில் நாத்தனார் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

"ஏண்டி காட்டல?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?" என்றாள் நாத்தனார். "அப்புறம் யோசிச்சேன். உங்களுக்குப் பதினோரு வருஷம். எனக்கு அஞ்சரை மாசம். யாரு விழுந்தா சத்தம் கம்மியா இருக்கும், சொல்லுங்க?"

"லூசா நீ? திங்கக்கெழம..."

"தெரியும். ஏற்கெனவே எங்க மேனேஜர் கூப்பிட்டுட்டாரு. அண்ணி, தயவுசெஞ்சு இப்ப எதையும் கெளறாதீங்க. நீங்க உண்மையச் சொன்னா, நான் எல்லார் முன்னாடியும் பொய் சொன்னதா ஆயிடும். அது இதவிட மோசம். உங்க பேரும் போய், என் பேரும் போய்... எதுக்கு?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. அண்ணி நெற்றியைச் சுவரில் வைத்து நின்றாள். சுவர் சில்லென்று இருந்தது.

"நான் படிக்காம பேரு போட்டேன்டி" என்றாள். "நீ மட்டும் இல்ல, நாளைக்கு எவன் அந்தப் பேரப் பாத்தாலும் நான் படிச்சிருக்கேன்னு நெனப்பான். காலைல ஒன்ன அப்படித் திட்டினேன். நீ சொன்ன பொய்க்கு நீ பதில் சொல்லிக்கோ. இதுக்கு நான் சொல்றேன்."

"அண்ணி, வேணாம்..."

"வச்சிராத. லைன்லயே இரு."

போனை மேசைமேல் வைத்தாள். எழுதியிருந்த இரண்டு வரியை அழித்தாள். பழைய மெயில் இரண்டையும் அப்படியே ஒட்டி, மேலே எழுதினாள்: 'அவர் கேட்டார். நான் படிக்காமலே பெயரைக் கொடுத்தேன். என்னைக் காப்பாற்றத்தான் அவர் அப்படி எழுதினார். பெயரைக் களவாடியவர் யாரும் இல்லை. என் சோதனைப் போர்டும் நாலு மணி நேரத்தில் உறைந்தது.' இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கை பரபரத்தது. மன்னிப்பு, விளக்கம், பள்ளிக்கூடம், குட்டி நாற்காலி. எதையும் சேர்க்கவில்லை. அனுப்பினாள். அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது, அந்தக் குழுவின் மெயில்கள் என்றென்றைக்கும் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கும்.

பெரியவரிடமிருந்து பதில் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். அவர் ஐந்து நிமிடத்தில் பதில் போடுகிறவர். போனில் நாத்தனாரின் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் வைக்கவில்லை. குளித்து முடித்து அதுவரை அறைக்குள்ளேயே இருந்த கணவன் மெல்ல எட்டிப் பார்த்தான். பிறகு பால்கனிக்குப் போய், காலையிலிருந்து பாதி தரையில் கிடந்த போர்வையைத் தூக்கி, மண்ணை உதறினான்.

"திருத்தம் எழுதிட்டேன் அண்ணி" என்று போனில் குரல் வந்தது. "யாரு படிப்பா இனிமே?"

"அனுப்பு."

"உங்க பேர அவரு இனிமே..."

"பேர அப்புறம் பாக்கலாம். மொதல்ல அனுப்பு."

வந்தது. அடியில் எழுதியவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். அதற்குக் கீழே வெறுமை. அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலைத் திரையில் முதல் வரிமேல் வைத்தாள். சின்ன மாற்றம்தான், இரண்டே இரண்டு வரி. ஆனால் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் நாத்தனார் அந்தப் பக்கம் "ம்" என்றாள். பத்தாவது வரி, இருபதாவது வரி. நடுவில் புது மெயில் வந்ததற்கான சத்தம் கேட்டது. இரண்டு பேர் போனிலும் ஒரே நேரத்தில் கேட்டது. "ம்" ஒரு கணம் நின்றது.

அண்ணியின் விரல் நகரவில்லை. "முப்பத்தொண்ணு" என்று சொல்லி, அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.