ஜோதிலட்சுமி வீட்டு நாற்காலிகள்

ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு ஜோதிலட்சுமி மூன்றாவது முறையாக மனுப் போட்டிருந்தாள். ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் கவிழ்ந்து இடுப்பு போனதிலிருந்து மலை வேலைக்குப் போக முடியவில்லை. இதையும் தள்ளிவிட்டால் பண்ணைப்புரத்தை விட்டுத் திருப்பூர்த் தம்பி வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான்.

வருவாய் ஆய்வாளர் நேரில் விசாரிக்க வருகிறார் என்றதும் தெருவே பரபரத்தது. பெண் பார்க்க வந்தாலும் துக்கம் கேட்க வந்தாலும், வருகிறவருக்கு அக்கம்பக்கத்திலிருந்து நாற்காலி வந்துவிடும். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் இரண்டு நாற்காலியும் மின்விசிறியும் தந்தாள். எதிர்வீட்டுக் கருத்தம்மாள், மகளின் சீருக்கு வாங்கிய மிக்ஸியைப் பார்வைக்கு இருக்கட்டுமென்று வைத்துப் போனாள்.

கோப்பு, அதைச் சுமந்த தலையாரி, அப்புறம் ஆய்வாளர் சண்முகராஜ் என்ற வரிசையில் அரசாங்கம் வந்து சேர்ந்தது. உட்கார்ந்து, காற்று வாங்கி, டீ குடித்துவிட்டு, எழுதியதை உரக்கப் படித்தார்: “மனுதாரர் வசதியாக உள்ளார்.”

வாசலிலிருந்து மொக்கம்மாள் பாய்ந்து வந்தாள்.

“ஐயோ சார், இது எங்க வீட்டு ஃபேனு!” என்று பிளக்கைப் பிடுங்கினாள். கருத்தம்மாள் மிக்ஸியை இடுக்கிக்கொண்டாள்.

“சார், கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலியும் எங்களோடதுதேன்.”

ஆய்வாளர் எழுந்தார். தலையாரி அவசரமாகப் பாயை விரித்தார்.

“அந்தப் பாயி எங்களுது” என்றது வெளியே ஒரு குரல்.

கடைசியில் அடுப்பும், இரண்டு சட்டியும், சுவரில் கணவன் படமும் மிஞ்சின.

“ஏம்மா, எதுக்கு இதெல்லாம் கொண்டாந்து அடுக்குனீங்க?”

“நீங்க வாரீகன்னு சொன்னாக. உங்களப் போயி எப்பிடி சார் தரையில உக்கார வைக்கிறது?” என்றாள் ஜோதிலட்சுமி.

சண்முகராஜின் பதினெட்டு வருஷ சர்வீஸில், அவர் வருவது தெரிந்தால் டிவியும் ஃபிரிட்ஜும் பக்கத்து வீட்டுக்கு ஓடித்தான் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்ததில்லை. எழுதியதை அடித்தார். அடுத்த கேள்வியைப் படித்தார்.

“உதவி செய்ய யாராவது இருக்காகளா?”

“ஒருத்தரும் இல்ல சார்!” தலையில் நாற்காலியோடு மொக்கம்மாள் கத்தினாள். பின்னால் நின்ற தெரு முழுக்கத் தலையாட்டியது.

அத்தனை பேரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதிப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார்.

அவர் வண்டி தெருமுனை திரும்புமுன் மின்விசிறி மறுபடி உள்ளே வந்தது.

“இடுப்பு வலியோட வேர்வையில வேற கெடக்காத ஆத்தா. இங்கனயே ஓடட்டும்” என்று மொக்கம்மாள் பிளக்கைச் சொருகினாள்.